சிவந்த கண்ணுக்கு அவசரச் சொட்டு வேண்டாம்

சளி பிடிக்கிறது. தொண்டை வலிக்கிறது. இரண்டு மூன்று நாள் காய்ச்சல் அடித்துத் தணிகிற நேரத்தில் ஒரு கண் உறுத்த ஆரம்பிக்கிறது. மறுநாள் காலையில் பீளை காய்ந்து இமை ஒட்டிக்கொள்கிறது. கண் செக்கச் சிவந்து நீராக வடிகிறது. சில நாளில் இன்னொரு கண்ணும் சிவக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ‘மெட்ராஸ் ஐ’ என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். அடுத்த வேலை தெருமுனை மெடிக்கல் ஷாப்பில். மருந்துச் சீட்டு கேட்பதில்லை, எத்தனை நாளாக என்ற விசாரிப்பும் இல்லை. ஐந்து மில்லி பிளாஸ்டிக் குப்பி ஒன்று கை மாறுகிறது. ‘ஒரு நாளைக்கு நாலு தடவை, ரெண்டு ரெண்டு சொட்டு’ என்பதோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது. வந்த நோய் பெரும்பாலானோருக்குப் பார்வையில் எந்தக் குறையும் வைக்காமல் தானாகவே போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து அந்தக் குப்பிக்குள் இருக்கக்கூடும். வைரஸால் வரும் கண்வலிக்குச் சீட்டில்லாமல் சொட்டு மருந்து விற்பதும் வாங்குவதும் நிற்க வேண்டும், அதிலும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு ஒரு குப்பிகூட அப்படிக் கை மாறக் கூடாது என்பது என் வாதம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். சளியோடு வரும் கண்வலிக்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருப்பது அடினோவைரஸ். 1953இல் அமெரிக்காவில் வாலஸ் ரோவ் குழுவினர் இதைக் கண்டுபிடித்தது கண்ணில் அல்ல. குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து எடுத்த அடினாய்டில், அதாவது மூக்குக்குப் பின்புறம் இருக்கும் சதையில். அடுத்த ஆண்டே, மூச்சுப்பாதை நோயால் படுத்திருந்த ராணுவ வீரர்களிடமிருந்தும் இது பிரித்தெடுக்கப்பட்டது. மூக்கிலும் தொண்டையிலும் பெருகுகிற இந்த வைரஸுக்குக் கண் இன்னொரு வாசல். கண்ணின் உள்மூலையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். இரண்டு இடமும் உள்ளுக்குள் அவ்வளவு நெருக்கம். மூக்கைச் சிந்திய விரலால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் குழாய்கூட வைரஸுக்குத் தேவையில்லை. இதன் 3, 4, 7 ஆகிய வகைகள் காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவரும். குளோரின் போதாத நீச்சல்குளங்களிலிருந்து பிள்ளைகளுக்கு இது கூட்டம் கூட்டமாகப் பரவியிருக்கிறது. 8, 37 போன்ற வகைகள் கண்ணையே குறிவைக்கும். கருவிழி வரை போகும். காதுக்கு முன்னால் நெறிகட்டித் தொட்டால் வலிப்பது வைரஸ் கண்வலிக்கு ஒரு நல்ல அடையாளம்.

நமக்கு இந்த நோய் புதிதல்ல. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1918இல் இது அடையாளம் காணப்பட்டதால்தான் ஊரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். சென்னையில் பணிபுரிந்த கிர்க்பாட்ரிக் என்ற கண் மருத்துவர், கருவிழியில் புள்ளிகள் விழும் ஒரு கொள்ளைநோயைப் பற்றி 1920இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். வைரஸ் கையில் அகப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தைய கதை இது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது அகதிகள் எல்லை தாண்டி வந்த காலத்தில் மேற்கு வங்கத்தில் பரவிய கண்வலிக்கு ‘ஜய் பாங்ளா’ என்று பெயர் வைத்தார்கள். அது வேறு குடும்பத்து வைரஸ், வெள்ளை விழியில் ரத்தம் கட்டும் வகை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் பரவல் உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்னார். மருத்துவமனைக்கு வராமல் கடையோடு நின்றுவிட்டவர்களை யாரும் எண்ணியிருக்க முடியாது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய அத்தியாயம் ஒன்று பசிபிக் கடலோரத்தில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-42இல், ஹவாயிலும் பிறகு அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் இருந்த கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குக் கண்வலி கண்டது. ‘கப்பல்தளக் கண்’ என்றே அதற்குப் பெயர் ஆனது. இரும்புத்தூள் கண்ணில் விழுந்தால் தளத்தின் மருத்துவ அறைக்குப் போவார்கள். அங்கே ஒருவர் கண்ணைத் தொட்ட கையும் கருவியும் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் அடுத்தவர் கண்ணையும் தொட்டன. வைத்தியத்துக்குப் போன இடத்திலேயே நோய் பரவியது. போர் அவசரத்தில் கட்டிய கப்பல்களின் வேலை அதனால் தடைபட்டது. கண்வலிக்கு நாம் செய்கிற காரியமே கண்வலியைவிடக் கெடுதலாக முடியலாம் என்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த சான்று இது. இன்று நம் வீடுகளில் அந்தக் கருவியின் வேலையைச் செய்வது ஒரே குப்பியை நான்கு பேர் போட்டுக்கொள்ளும் பழக்கம். குப்பியின் முனை ஒருவர் இமையில் பட்டால் போதும், வைரஸ் அதில் ஏறிவிடும்.

ஆன்டிபயாடிக் சொட்டு பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை எதுவும் செய்யாது. பள்ளிப் பாடத்திலேயே வருகிற இந்த உண்மையை மறுப்பவர் யாரும் இல்லை. ஆனால் மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வரும்: ‘சொட்டு போட்டேன், நாலு நாளில் சரியாகிவிட்டதே!’ நேர்மையான கேள்வி. இதற்கு நல்ல பதில் 2022இல் பின்லாந்திலிருந்து வந்தது. ஆறு மாதம் முதல் ஏழு வயது வரையிலான 88 குழந்தைகளுக்குக் கண்வலி வந்தபோது மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சொட்டு, இன்னொன்றுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு, மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே இல்லை. ஆன்டிபயாடிக் போட்ட பிள்ளைகள் சராசரியாக 3.8 நாளில் தேறினார்கள். வெறும் சொட்டு போட்டவர்கள் 4 நாளில். ஒன்றும் போடாதவர்களுக்கு 5.7 நாள் ஆனது. மருந்துக்கும் வெறும் சொட்டுக்கும் வித்தியாசம் ஐந்து மணி நேரம்தான்! கண்ணைக் கழுவிவிடுகிற ஈரம் உதவியிருக்கிறது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. அதற்கு முன்பு 2005இல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வில் 326 குழந்தைகள். ஏழாம் நாள் கணக்குப் பார்த்தபோது குளோரம்பெனிக்கால் சொட்டு போட்டவர்களில் 86 சதவீதம், வெறும் சொட்டு போட்டவர்களில் 83 சதவீதம் குணமாகியிருந்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் பலருக்கு இருந்தது பாக்டீரியா தொற்று. பாக்டீரியாவுக்கே இவ்வளவுதான் பலன் என்றால், வைரஸுக்கு அந்தச் சொட்டு எதற்கு?

‘பலன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே, பின்னால் பாக்டீரியா சேராமல் தடுக்குமே’ என்று அடுத்த வாதம் வரும். நல்ல கண்ணீரும் மூடித் திறக்கும் இமையும் உள்ள ஒருவருக்கு வைரஸ் கண்வலியோடு பாக்டீரியா சேருவது அரிது. நடக்காத ஒன்றைத் தடுக்க ஊர் முழுக்க மருந்து ஊற்றினால், கண்ணிலும் மூக்கிலும் வாழும் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிப்போகும். பிறகு உண்மையிலேயே கருவிழிப் புண் வந்து ஒரு விவசாயி மருத்துவமனையில் படுக்கும்போது, எளிய மருந்து வேலை செய்யாது. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் சங்கம் 2013இலேயே தன் உறுப்பினர்களிடம் இதை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது: அடினோவைரஸ் கண்வலிக்கு ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள்.

ஆன்டிபயாடிக்கோடு நின்றால்கூட இதை ஒரு வீண்செலவு என்று விட்டுவிடலாம். ஸ்டீராய்டு அப்படிப்பட்டதல்ல. கடையில் கிடைக்கும் பல சொட்டு மருந்துகள் கலவை மருந்துகள். சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது மாக்ஸிஃப்ளாக்சசினோடு டெக்ஸாமெத்தசோன் சேர்ந்திருக்கும். பல குப்பிகளில் மருந்தின் பெயருக்குப் பின்னால் ‘டி’ அல்லது ‘டிஎக்ஸ்’ என்ற எழுத்து ஒட்டியிருக்கும். அந்த ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். மருந்தின் கூறுகள் என்னவென்று விரல் அகல லேபிளில் எறும்பு அளவு எழுத்தில் அச்சாகியிருக்கும். நல்ல கண்ணுக்கே எட்டாததை வீங்கிச் சிவந்த கண்ணால் யார் படிக்க முடியும்? விற்பவருக்கும் இந்தக் கலவையில் ஒரு கவர்ச்சி உண்டு. ஸ்டீராய்டு கண்ணில் விழுந்த சில மணி நேரத்தில் சிவப்பு வெளுக்கும், வீக்கம் வடியும், உறுத்தல் குறையும். ‘அந்தக் கடை மருந்து கேட்கும்’ என்று பெயர் வரும். நடப்பது என்ன? வைரஸோடு போராடுகிற உடலின் காவலை அந்த மருந்து அடக்குகிறது; சண்டையின் அடையாளம்தான் சிவப்பு என்பதால் சிவப்பு மறைகிறது. வைரஸ் போகவில்லை. ஸ்டீராய்டு போட்ட முயல்களின் கண்களில் அடினோவைரஸ் அதிக நாள் பெருகியதைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பார்வைக்குத் தேறியது போல் தெரிகிற ஒருவர் கண்ணில் வைரஸை வைத்துக்கொண்டே அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிறார் என்பதுதான் இதன் பொருள்.

இன்னும் மோசமானது, அது மெட்ராஸ் ஐ அல்லாமல் வேறாக இருந்தால் நடப்பது. கண் சிவப்பதற்குக் காரணங்கள் பல. ஹெர்பீஸ் வைரஸ் கருவிழியில் இறங்கினாலும் கண் சிவக்கும், நீர் வடியும், ஆரம்பத்தில் பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அதற்கு ஸ்டீராய்டை மட்டும் ஊற்றினால் சிறு கீறலாக இருந்த புண் கருவிழி முழுக்கப் படரும். பூஞ்சை இதைவிடக் கொடியது. நெல் அறுக்கும்போது, கரும்பு வெட்டும்போது, மாட்டுக்குப் புல் போடும்போது தூசோ தாளோ கண்ணில் கீறிவிடுகிறது. இரண்டு நாள் கழித்துக் கண் சிவக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் கிருமி வளர்த்து உறுதி செய்யப்பட்டவற்றில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் வந்தவை. குளிர்நாடுகளில் அரிதான இந்தப் பூஞ்சைப் புண் நம் மண்ணில் அன்றாட நோய். அந்தக் கண்ணில் கடைக்காரர் கொடுத்த ஸ்டீராய்டு கலவை விழுந்தால் முதல் இரண்டு நாள் சுகமாக இருக்கும். பிறகு கருவிழி உருகத் தொடங்கும். மருத்துவமனைக்கு வந்து சேரும்போது விழியைக் காப்பாற்றவே மாற்றுக் கருவிழி தேட வேண்டிய நிலை வந்துவிடும். ஸ்டீராய்டு பற்றிய எச்சரிக்கை இங்கே இரண்டு மடங்கு அழுத்திச் சொல்லப்பட வேண்டியது இதனால்தான்.

நோய் போன பிறகும் குப்பி வீட்டில் இருக்கும். திறந்த ஒரு மாதத்தில் எறிந்துவிட வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தாலும், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அது அடுத்த வருடம் வரை நிற்கும். பிள்ளைக்குக் கண் அரிக்கிறதா, அதை எடு. பாட்டிக்குக் கண் கரிக்கிறதா, அதையே ஊற்று. ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்கில் போட்டால், மூன்றில் ஒருவருக்காவது கண்ணின் அழுத்தம் கூடும். ஒரு சிறு பங்கினருக்கு மிக அதிகமாகக் கூடும். அழுத்தம் கூடுவது வலிக்காது. ஓரப் பார்வையை அரித்துக்கொண்டே வந்து, தெரியவரும்போது பார்வை நரம்பு பட்டுப்போயிருக்கும். போன நரம்பு திரும்ப வராது. கண்புரையும் இளம் வயதிலேயே விழலாம். ஒவ்வாமையால் கோடைதோறும் கண் அரித்துத் தேய்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இதில் சிக்குவதைக் கண் மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள். சொட்டு போட்டால் அரிப்பு அடங்குகிறது, அதனால் அம்மா அதையே திரும்பத் திரும்ப வாங்குகிறார். அந்தத் தாயைக் குறை சொல்லி என்ன பயன்? சீட்டுக் கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருந்த கை எது என்று பார்க்க வேண்டும்.

‘ஸ்டீராய்டை டாக்டர்களே எழுதுகிறார்களே’ என்பார்கள். எழுதுகிறார்கள். சில நேரம் எழுதத்தான் வேண்டும். கடுமையான வகையில் கண்வலி தணிந்த பிறகு கருவிழியில் சின்னச் சின்ன வெண்புள்ளிகள் விழுந்து, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் பார்வை மங்கும். வண்டி விளக்கு வெளிச்சம் கூசும். இமையின் உட்புறம் மெல்லிய தோல் போல் படலம் கட்டுவதும் உண்டு. அப்போது ஒளிப்பிளவு விளக்கின் கீழ் கண்ணைப் பார்த்து, ஹெர்பீஸும் பூஞ்சையும் இல்லை என்று உறுதி செய்து, அளவோடு ஸ்டீராய்டு கொடுத்து, அழுத்தத்தையும் சோதித்து, மெல்ல மெல்ல நிறுத்துவார்கள். அந்த மருந்துக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அந்தப் பரிசோதனைதான். அதே சமயம் மருத்துவர்கள் எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் கண்வலிக்கு மருத்துவரிடம் போன ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தது. அவர்களில் 58 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் சொட்டு வாங்கியிருந்தார்கள். வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கிடைத்தது ஸ்டீராய்டு கலவை. கண் மருத்துவரிடம் போனவர்களைவிடப் பொது மருத்துவரிடமும் அவசர சிகிச்சை மையங்களிலும் காட்டியவர்களே ஆன்டிபயாடிக் அதிகம் வாங்கினார்கள். நூறு பேர் வரிசையில் நிற்கும் நம் புறநோயாளிப் பிரிவில், ‘மருந்து வேண்டாம், தானாகப் போய்விடும்’ என்று சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆகும். சொட்டு எழுத அரை நிமிடம் போதும். வெறுங்கையோடு அனுப்பினால் நோயாளிக்கும் மனக்குறை. இந்தப் பழக்கத்தை மாற்றுகிற பொறுப்பில் மருத்துவருக்கும் நோயாளிக்கும் சம பங்கு உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள ஹெச் அட்டவணையில் இந்த ஆன்டிபயாடிக்குகளும் ஸ்டீராய்டுகளும் இருக்கின்றன. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று ஒவ்வொரு பெட்டியிலும் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த ஹெச்1 அட்டவணை இன்னும் கடுமையானது: மாக்ஸிஃப்ளாக்சசின் அதில் வருகிறது, எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். தோலில் பூசும் மருந்துகளுக்கு இந்த அட்டவணையில் விலக்கு உண்டு. கண் சொட்டுக்கு விலக்கு இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. விதி செய்தவர்கள் கண்ணை மறக்கவில்லை. மறந்தவர்கள் விற்பவர்களும் கண்காணிப்பவர்களும்தான். இங்கிலாந்தில் 2005 முதல் குளோரம்பெனிக்கால் சொட்டைச் சீட்டில்லாமல் மருந்தாளுநரே தரலாம் என்று எனக்கு எடுத்துக்காட்டலாம். உண்மைதான். ஆனால் அங்கே தகுதி பெற்ற மருந்தாளுநர் கேள்வி கேட்டுவிட்டுத் தருகிறார், அதிலும் ஸ்டீராய்டு கலந்ததைத் தர அனுமதி இல்லை. அந்தக் கோட்டையாவது நாம் உறுதியாகப் பிடிக்க வேண்டும்.

மிகக் கனமான மறுப்பு மருத்துவத்தைப் பற்றியதே அல்ல. ‘நாள் கூலிக்காரர் ஒருவர் ஒரு வாரம் வீட்டில் கிடந்தால் அடுப்பு எரியுமா? அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. நூறு ரூபாய்ச் சொட்டு அவருக்கு மலிவு’ என்கிறார்கள். இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கடைச் சொட்டின் உண்மையான வேர் இங்கேதான் இருக்கிறது. மக்கள் வாங்குவது மருந்தை அல்ல, வேலைக்குப் போவதற்கான முகத்தை. சிவந்த கண்ணோடு வந்தால் மேஸ்திரி திருப்பி அனுப்புவார், ஓட்டலில் பரிமாற விட மாட்டார்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணை வாசலிலேயே நிறுத்துவார்கள். அனுப்புகிறவர்கள் அந்த நாட்களுக்குக் கூலி தருவதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலிருந்தே ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் நோய் விடுப்பைச் சம்பளத்தோடு தருகிறது. இஎஸ்ஐ காப்பீட்டில் இருப்பவருக்கு நோய்க்காலத்தில் சம்பளத்தின் 70 சதவீதம் கிடைக்கும். கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் குறைவு. முறைசாராத் தொழிலில் இருக்கும் பெருங்கூட்டத்துக்கு இரண்டுமே இல்லை. கண் சிவந்தவரை வேலைக்கு வராதே என்று சொல்கிற முதலாளி அந்த நாட்களின் கூலியையும் கொடுக்கட்டும். அதைச் செய்யாதவரை, ஸ்டீராய்டு சொட்டுக்குக் கிராக்கி உண்டாக்குவது அவரும்தான்.

பள்ளிகளும் இதில் சேர்த்தி. கண் சிவந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது சரி. ‘மருந்து போட்டாச்சா, சீட்டுக் கொண்டு வா’ என்று கேட்பது சரியல்ல. சொட்டு போட்டதால் பிள்ளையிடமிருந்து பரவுவது நிற்காது. நீரும் பீளையும் வடிவது நிற்கும் வரை, பொதுவாக ஒரு வாரம், பிள்ளை ஓய்வெடுத்தால் போதும்.

அப்படியென்றால் எல்லோரும் கண் மருத்துவரிடம் ஓட வேண்டுமா? வேண்டாம். எதற்கு ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். கண் வலிக்கிறது, உறுத்தல் அல்ல, உள்ளிருந்து வலிக்கிறது என்றால் போக வேண்டும். பீளையைத் துடைத்த பிறகும் பார்வை மங்கலாக இருந்தால், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் கூசினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கண்ணில் ஏதாவது பட்டோ கீறியோ சிவந்திருந்தால் அன்றைக்கே போக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே காட்ட வேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் கண் சிவந்து சீழ் வடிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல், இருமலோடு கண் சிவந்த பிள்ளைக்கு முகத்தில் தடிப்பு இறங்கினால் அது தட்டம்மையாக இருக்கலாம். இவை எதுவும் இல்லாத, சளிக்குப் பின் வந்த, உறுத்தலும் நீரும் மட்டுமே உள்ள கண்ணுக்கு வீட்டு வைத்தியமே வைத்தியம்: சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய இமை மேல் வைப்பது, கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைத்து எறிவது, வேண்டுமானால் மருந்தில்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. தாய்ப்பாலையும் பூச்சாற்றையும் கண்ணில் பிழிய வேண்டாம். நோவு தீர்க்கும் நல்லெண்ணத்தோடு கிருமியும் உள்ளே போகும்.

பரவாமல் தடுப்பதில் தவறான நம்பிக்கைகள் வேறு. மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தால் ஒட்டாது; அவர் தொட்டதைத் தொட்டுவிட்டுக் கண்ணைத் தொட்டால் ஒட்டும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இந்த வைரஸுக்குக் கொரோனா வைரஸைப் போல் கொழுப்பு உறை இல்லை. அதனால் கையில் தேய்க்கும் சானிடைசருக்கு எளிதில் மசியாது. கதவுப் பிடியிலும் பிளாஸ்டிக்கிலும் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவுவதும், துண்டையும் தலையணை உறையையும் தனியே வைப்பதும், வீட்டில் பலர் கைபடும் இடங்களைப் பிளீச்சிங் கரைசலால் துடைப்பதும்தான் பலன் தருபவை. இதற்குச் செலவும் இல்லை, பக்க விளைவும் இல்லை.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான். பரவல் தொடங்கும் மழை மாதங்களில், கண் சொட்டுகளின் ஹெச்1 பதிவேட்டைக் கடைதோறும் எடுத்துப் பாருங்கள். ஸ்டீராய்டு கலவைச் சொட்டின் கொள்முதல் கணக்கையும் கைவசம் உள்ள சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதுச் சட்டம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. மருந்தாளுநர்களுக்கும் ஒரு சொல்: நீங்கள் படித்த படிப்பு எடுத்துக் கொடுப்பதற்கு மட்டும் அல்ல, ‘இதற்குச் சொட்டு வேண்டாம் அம்மா, பார்வை மங்கினால் டாக்டரிடம் போங்கள்’ என்று நீங்கள் சொன்னால் தெருவே கேட்கும். வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை வீட்டில் யாருக்காவது கண் சிவந்து, கடையில் ஒரு குப்பியை நீட்டினால், அதன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் உங்கள் கைக்கு வரக் கூடாத மருந்து அது. வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் பாதி தீர்ந்த பழைய குப்பி இருந்தால், இன்றைக்கே எடுத்து எறிந்துவிடுங்கள்.